நெஞ்சு வைத்துப் பார்த்த பெட்டி

என் கணவர் பிராங்கிளின் காதால் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. நெஞ்சால்தான் கேட்பார். கார் டிக்கிக்குள், பாட்டின் தாளம் நெஞ்சில் அடிக்கிற மாதிரி அதிரும் வூஃபர் பெட்டி செய்து பொருத்துவது அவருடைய தொழில். திண்டுக்கல் நத்தம் ரோட்டோரம் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. பலகையை அறுத்து, ஒட்டி, திருகி, ஸ்பீக்கரை உட்கார வைத்து முடித்ததும் கார்க்காரனைப் பாட்டுப் போடச் சொல்லுவார். பிறகு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பெட்டியின்மேல் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு பாட்டு முடியும்வரை அசைய மாட்டார். எழுந்ததும், "வலது ஓரத்துல ஒரு திருகு லூசு" என்பார். இல்லையென்றால், "கீழ் மூலையில காத்து போகுது" என்பார். கழற்றிப் பார்த்தால் சொன்னது சொன்னபடியே இருக்கும்.

பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் அந்த அடியைக் கொடுக்கிறதாம். ஊசி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் அடி சொத்தையாகிவிடுமாம். இதைக் கண்டுபிடிக்க மற்ற பட்டறைகளில் மூட்டுக்கு மூட்டு ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்ப்பார்கள். இவருக்கு அதெல்லாம் பிடிக்காது. "பெட்டி எங்க அடிக்கணுமோ அங்கதான் வச்சுப் பாக்கணும்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கமெல்லாம் இந்தப் பேச்சு பரவியிருந்தது. "இது பிராங்கிளின் அண்ணன் நெஞ்சு வச்ச பெட்டி" என்று பையன்கள் பெருமையடிப்பார்கள். அதைக் கேட்கும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உபதேசியாருக்குப் பொன்னாடை போர்த்தின மாதிரி இருக்கும்.

எனக்கு அந்தச் சத்தத்தைக் கண்டாலே ஆகாது. எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும், அது உண்மைதான். நிம்மதியாக ஒரு ஜெபமாலை சொல்ல முடியாது. ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் டம்ளர் நடுங்கும். ஆனாலும் நானும் அந்தத் தொழிலில் பாதி ஆள். பெட்டிமேல் கறுப்புக் கார்ப்பெட் துணியை வெட்டி, சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டுவது என் கை வேலை. கல்யாணமான புதிதில் தையல் மிஷினோடு வந்தவள், மெல்ல மெல்ல அந்தக் கொட்டகைக்குள் இழுபட்டுவிட்டேன்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போக நான் கிளம்பி நின்றபோது பட்டறையில் டிரில் மிஷின் விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பலகைத் தூளில் மல்லாந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. நான் கத்தின கத்தலில் எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனோம். இதயம் சில நேரம் அடிக்க மறந்துவிடுகிறது என்றார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவில் ஒரு மிஷினை வைத்து, அதிலிருந்து ஒரு வயரை இதயத்துக்குள் விட்டுத் தைத்தார்கள். பேஸ்மேக்கர்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். அதுவரை சீட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய ஸ்பீக்கர்னா பெரிய காந்தம். காந்தம் பக்கத்துல வந்தா இந்த மிஷின் தன் வேலையை விட்டுட்டு ஒரே கணக்குல அடிக்க ஆரம்பிச்சிரும். ஸ்பீக்கரை நெஞ்சோட அணைச்சுத் தூக்கக் கூடாது. அந்தப் பெட்டிமேல சாயவே கூடாது. எப்பவும் ஒரு சாணாவது தள்ளியே இருங்க. வயர் உள்ளே பிடிக்கிற வரைக்கும் இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க."

இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மயங்கி விழுந்தபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் வாயைக் கட்டினார். "யாரு கேட்டாலும் கேஸ் டிரபிள்னு சொல்லு. மிஷின் கதை வெளிய போகக் கூடாது."

"ஏன், திருட்டுப் பொருளா அது?" என்றேன்.

"நெஞ்சுல மிஷின் வச்சவன்கிட்ட எவன் பெட்டி செய்யக் கொடுப்பான்? உனக்குப் புரியாது ஜோஸ்."

புரியாமல் என்ன? எனக்கு எரிச்சலாக வந்தது. உயிர் பிழைத்து வந்திருக்கிறோம், மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம் என்று இல்லை. இவருக்குப் பெருமை போய்விடுமாம். ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. ராத்திரி அவர் தூங்கும்போது மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். பகலில் பட்டறையில் அவர் பின்னாலேயே நிற்பேன். ஸ்பீக்கரை நான் தூக்கினேன், நான் பொருத்தினேன். அவர் தள்ளி நின்று, "இடது, இன்னும் இடது, அங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர், ஆம்ப் ரிப்பேர் என்று சில்லறை வேலைகளாக வந்தவரை ஒன்றும் சிக்கல் இல்லை. அவற்றுக்கு யாரும் நெஞ்சு வைக்கச் சொல்ல மாட்டார்கள்.

அப்போதுதான் பிரபு வந்தான். நிலக்கோட்டையில் பூ வியாபாரம். வருஷக்கணக்கில் வேனில் மல்லிகை மூட்டைகளோடு போனவன், இப்போதுதான் சொந்தமாக ஒரு கார் எடுத்திருந்தான். புதுக் காருக்குள்ளும் பூ வாசம் ஏறியிருந்தது.

"அண்ணே, எங்க அண்ணன் காருக்கு நீங்க போட்ட பெட்டி இருக்குல்ல, அதே அடி வேணும். நீங்கதான் நெஞ்சு வைக்கணும். நான் கூடவே நின்னு பாப்பேன்."

நான் அடுப்படியிலிருந்து இவரைப் பார்த்தேன். சமாளித்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "விட்டுட்டுப் போ அப்பு, செஞ்சிரலாம்" என்றார்.

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த சண்டையை எழுதினால் நீளும். கடைசியில் அவர் ஒரே பேச்சில் நின்றார்: பெட்டி செய்யலாம், நெஞ்சு வைக்கிற நேரத்தில் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நானும் சரி என்றேன். பெட்டி வேலை இல்லாமல் அவர் திண்ணைக்கும் தெருவுக்குமாக நடந்ததைப் பார்த்திருந்தேன். அதைவிட இது மேல் என்று தோன்றியது.

வேலை தொடங்கியதும் மனிதர் பழையபடி ஆகிவிட்டார். டிக்கிக்குள் அட்டையை வைத்து வளைவுகளை அளவெடுத்தார். பின்சீட்டுச் சாய்வுக்கு ஏற்றபடி பெட்டியின் முதுகைச் சாய்த்தார். ஸ்டெப்னி எடுக்கும் மூடி திறக்க வேண்டும் என்று அடியில் ஒரு பக்கத்தைக் குறைத்தார். குறைத்த இடத்தை உயரத்தில் சேர்த்தார். கணக்கையெல்லாம் பலகையிலேயே பென்சிலால் எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டால், "செத்த நேரம்" என்பார். நான் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்த 'செத்த நேரம்' மறுபடி கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

பலகைகளை ஒட்டித் திருகிய பிறகு, ஸ்பீக்கர் வாய் வழியாகக் கையை உள்ளே விட்டு எல்லா மூலைகளுக்கும் விரலால் பசை இழுக்க வேண்டும். காற்றை அடைப்பது அந்தப் பசைதான். அன்றைக்கு என் அக்கா வீட்டில் ஒரு காரியம். நான் பஞ்சம்பட்டிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து கேட்டேன். "எல்லாம் முடிஞ்சிருச்சு, நீ துணி ஒட்டு" என்றார். நானும் கார்ப்பெட்டை ஒட்டினேன்.

பிரபு வந்தான். அவனும் நானுமாகப் பெட்டியை டிக்கிக்குள் இறக்கினோம். இரண்டு வூஃபரையும் நான் தூக்கி உட்கார வைத்தபோது அவன், "அண்ணே, மதினி தூக்குறாங்க, நீங்க நிக்கிறீங்க?" என்றான்.

"இடுப்புப் பிடிப்புடா" என்றார் இவர். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

வயர் கொடுத்து முடிந்தது. பிரபு முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அவன் இறங்கிப் பின்பக்கம் வந்து, திருவிழாவில் தேர் கிளம்புவதற்குக் காத்திருக்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ம், வைங்கண்ணே."

ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரபு பக்கத்தில் நிற்பதுகூட அவருக்கு நினைவில்லை. சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. இது பெருமையும் இல்லை, பிரபுவுக்குப் பயந்தும் இல்லை. அந்த மனிதருக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

குறுக்கே போய் நின்றேன்.

"நான் வைக்கிறேன்."

"நீயா?"

"நான்தான். தள்ளுங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கிக்குள் ஏறினேன். டீக்கடையில் இருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். பெட்டிமேல் குப்புறப் படுத்தேன். நான் ஒட்டிய துணி என் கன்னத்தில் சொரசொரத்தது.

அடி வந்தது. முதலில் பயந்துபோனேன். வெளியில் நின்று கேட்டால் அது வெறும் சத்தம். அதன்மேல் படுத்தால் சத்தமே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று என்னைத் தூக்கித் தூக்கி வைத்தது. சற்றுப் பழகிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் இடது தோளருகில், துணிக்குக் கீழே, குக்கர் மூடி சரியாக மூடாத மாதிரி ஒரு சின்ன ஆவி வந்து போனது. வலது பக்கம் அப்படி இல்லை. நான் இடம் மாறிப் படுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே மூலை.

எழுந்து உட்கார்ந்தேன். இவர் பார்வை என் முகத்திலேயே இருந்தது. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். பிரபுவுக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இவருடைய பெட்டியைப் பற்றி இவரிடமே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இடது மேல் மூலையில காத்து போகுதுங்க" என்றேன்.

"என் பெட்டியிலயா?"

"ஆமா."

"உனக்கு என்ன தெரியும்? முதல் தடவ படுக்குறவளுக்கு எல்லாம் காத்து மாதிரிதான் தெரியும். எறங்கு, நான் பாக்குறேன்."

"பாக்க வேண்டாம்."

"எறங்குன்னா எறங்கு ஜோஸ்பின்!"

முழுப் பெயரைச் சொன்னால் கோபம் உச்சியில் என்று அர்த்தம். பிரபு சிரித்துக்கொண்டே, "மதினி, அண்ணன் ஒரு தடவ வைக்கட்டும், அவருக்குத் தெரியாததா?" என்றான். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் டிக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த இழுபறியில் அவருடைய நெஞ்சு பெட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்ததும் என் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது.

"அவர் நெஞ்சுக்குள்ள மிஷின் வச்சிருக்குப்பா! அந்தக் காந்தத்துக்கிட்ட அவர் போகவே கூடாது! போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, போகக் கூடாது, அம்புட்டுதான்!"

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிரபு ஓடிப் போய் அதை நிறுத்தினான். இவர் என் கையை விட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கழற்றின பொத்தானை மாட்டினார். என் புருஷனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

பிரபு நல்ல பையன். அதனால்தான் அவன் அப்படிச் சொன்னான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"பரவாயில்லண்ணே. எனக்கு இந்த அடியே போதும். நல்லாத்தான் இருக்கு. நான் இப்படியே எடுத்துட்டுப் போறேன். நீங்க உடம்பப் பாருங்க."

இவர் நிமிர்ந்தார்.

"இப்படியேவா எடுத்துட்டுப் போற?"

"இல்லண்ணே, சும்மா..."

"அதான் அவ சொல்லுறாள்ல, காத்து போகுதுன்னு? காத்து போற பெட்டிய எடுத்துட்டுப் போவியா? நிலக்கோட்டையில போய் என் பேரச் சொல்லுவியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எந்த இடம்? விரல வச்சுக் காட்டு."

நான் காட்டினேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் காற்றுதானா, என் பயத்தில் அப்படித் தோன்றியதா? அவர் நெஞ்சு வைத்துச் சரிபார்க்க வழியில்லை. ஊதுபத்தி வைத்துப் பார்க்கலாமே என்றான் பிரபு. இவர் காதில் அது ஏறவே இல்லை. "வூஃபரைக் கழட்டு" என்றார் என்னிடம். கழற்றினேன். இரண்டையும் தூரமாகக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கத்தியை எடுத்து, நான் சுருக்கம் இல்லாமல் ஒட்டிய துணியை அந்த மூலையிலிருந்து நீளமாகக் கிழித்தார். என் வார்த்தை ஒன்றை மட்டும் நம்பி அந்த மனிதர் தன் பெட்டியில் கத்தி வைத்தார். கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் முன்னால் சொன்ன வாக்கைவிட அது எனக்குப் பெரிதாகப்பட்டது.

வலது கையை ஸ்பீக்கர் வாய் வழியாக உள்ளே விட்டார். முழங்கைவரை போனது. தடவிக்கொண்டே போய், விரல்நுனி மட்டும் அந்த மூலையைத் தொட்டு நின்றது. வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"பசை இல்ல" என்றார்.

கையை வெளியே எடுத்துத் தன் இடது தோளைத் தொட்டார்.

"இந்த மூலைக்கு இடது கைதான் சரியாப் போகும். பெட்டிய நிமித்தி வச்சுத் தோளுக்கு மேல தூக்கணும். அன்னைக்குத் தூக்குனேன், வலிச்சுச்சு. டாக்டர் சொன்னது நெனப்பு வந்துச்சு. பயந்துட்டேன். பெட்டியக் கவுத்திப் போட்டு வலது கையாலயே இழுத்துவிட்டேன். இழுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். கூப்பிட மனசு வரல." பிறகு பிரபுவைப் பார்த்து, "மதுரையில வச்சாங்கப்பா. இதயம் நின்னு நின்னு அடிக்குதுன்னாங்க" என்றார். அவர் வாயால் அதை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுப் பலகைத் தூள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த மூலைக்கு நான் பசை இழுத்தேன். என் கை சின்னது, சுலபமாகப் போனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுத்தாத, வழிச்சுவிடு. இன்னொரு தடவ" என்று சொன்னார். மற்ற மூலைகளையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அவை சரியாக இருந்தன. பசை காய்ந்ததும் புதுத்துணி ஒட்டினேன்.

பிரபு மறுபடி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் மல்லிகைப்பூ கொண்டுவந்தான். மாதா படத்துக்குப் போடுங்க மதினி என்றான். வூஃபரைப் பொருத்தினோம். பாட்டைப் போட்டான். யாரும் சொல்லாமலே நான் டிக்கிக்குள் ஏறிப் படுத்தேன். இவர் தள்ளி, தகரத் தூணில் சாய்ந்து நின்றார்.

ஒரு பாட்டு முழுவதும் கிடந்தேன். இடது மூலையில் ஆவி இல்லை. எங்கேயும் இல்லை. எல்லாம் உள்ளேயே நின்று அடித்தது.

"காத்து இல்லங்க. சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழப் போனேன்.

"இரு" என்றார். "காத்துக் கதை கெடக்கட்டும். உள்ள எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா எப்படி? சொல்லு."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அதைத் தலைவலி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மொதல்ல அடிவயித்துல ஆரம்பிக்குதுங்க" என்றேன். "ஆரம்பிக்கிறதே தெரியல. அப்புறம் மெதுவா மேல ஏறுது. விலாவுக்குள்ள வந்து நிக்குது. மூச்ச நாம விடல, அதுதான் விடுது."

"தொண்டைக்கு வருதா?"

"வருது. அழுகை வர்ற மாதிரி வருது. ஆனா அழுகை இல்ல."

"நின்ன பெறகு?"

"நின்ன பெறகும் உள்ள இருக்கு. செத்த நேரம் இருந்துட்டுத்தான் போகுது."

கண்ணைத் திறந்து பார்த்தேன். தூணில் சாய்ந்தபடி, உள்ளங்கையால் இடது தோள்பட்டைக்குக் கீழே சட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. என்னாலும் தாங்க முடியவில்லை, நானும் அழுதேன்.

"பிரபு, அந்தப் பாட்டையே திரும்பப் போடு" என்றார். பிறகு என்னிடம், "எந்திரிக்காத ஜோஸ். இந்தத் தடவ மெதுவாச் சொல்லு" என்றார்.